பத்தியமும் பிளாஸ்டிக் சர்ஜரியும்

ஆப்பரேஷன் முடிந்து நோயாளியை வார்டுக்குக் கொண்டுவந்ததும், கூட வந்தவர்கள் டாக்டரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “என்னென்ன சாப்பிடக் கூடாதுங்க?” அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கட்டில்களிலிருந்து பதில் வந்துவிடும். கத்திரிக்காய் ஆகாது, அரிப்பெடுக்கும். பருப்பு ஆகாது, சீழ் கோர்க்கும். முட்டை சூடு. மீன், கருவாடு கூடவே கூடாது, தழும்பு தடித்துவிடும். தயிர் குளிர்ச்சி. கடைசியில் ரசம் சோறும் சுட்ட அப்பளமும்தான் மிஞ்சும்.

டாக்டரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் கத்திரிக்காயும் இல்லை, முட்டையும் இல்லை. பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, உப்பு, புகையிலை, மது என்று அது வேறு வழியில் போகிறது. இரண்டு பட்டியல்களும் சந்திக்கும் இடங்கள் குறைவு. சந்திக்காத இடங்களில் எதைக் கேட்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

பேச்சு வசதிக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊர்களின் தொகுதிகளுக்கு ‘நாடு’ என்று பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று நீளும் அந்த வரிசையில் பெரக்கரை நாடும் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் எழும் மலை. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி, மிளகு, காபி, வாழை, பலா, அன்னாசி எல்லாம் விளைகிற மண். அறுவைக்குப் பின் சாப்பிடலாமா கூடாதா என்று சண்டை போடுவதற்கு வேண்டிய எல்லாப் பொருளும் அங்கே ஒரே தோட்டத்தில் கிடைக்கும்.

மலையூருக்கும் அழகு அறுவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அழகு அறுவை என்றதும் நடிகைகளின் மூக்குதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கனமான தோடு இழுத்து இழுத்துக் கிழிந்துபோன காது மடலைத் தைப்பதும் இதே துறைதான். அடுப்புத் தீயில் சுட்டு இறுகிப்போன கழுத்துத் தோலை விடுவிப்பது, குழந்தையின் பிளவுபட்ட உதட்டைச் சேர்ப்பது எல்லாம் இதே கத்தி, இதே நூல். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். பிறகு அங்கே அமுங்கிய மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் சரிசெய்தார்கள். விரல் நிமிர்ந்தாலும் முகம் காட்டிக்கொடுத்தால் ஊர் சேர்த்துக்கொள்ளாது என்று கண்டுதான் அதைச் செய்தார்கள். முகத்தைச் சீராக்குவது பலருக்குப் பிழைப்பு.

அந்தச் சீரமைப்பில் பாதி வேலை அறுவை அரங்கில் நடக்கிறது. மீதி வேலை வீட்டில், உடம்பு தானே செய்துகொள்வது.

காயம் ஆறும் கணக்கு

தோலை வெட்டிய நிமிடமே ரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைப்புப் போடுகின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத நூல்கள் வலையாகப் படர்கின்றன. அடுத்த மூன்று நான்கு நாள் வீக்கமும் சிவப்பும் இருக்கும். வெள்ளணுக்கள் வந்து செத்த திசுவையும் கிருமிகளையும் அப்புறப்படுத்தும் நாள்கள் அவை. நான்காம் நாளையொட்டி ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் கொல்லாஜன் என்ற புரதத்தை நூற்கத் தொடங்குகின்றன. கொல்லிமலைக் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தைப் பிடித்து மிளகுக் கொடி ஏறுவதுபோல, ஃபைப்ரின் வலையைப் பிடித்துக்கொண்டு கொல்லாஜன் ஏறுகிறது. மூன்று வாரம் வரை இந்த நூற்பு மும்முரமாக நடக்கும். அதன்பின் ஓராண்டு வரை பழைய இழைகளைக் கலைத்து, இழுவிசைக்கு ஏற்ற திசையில் புது இழைகளை அடுக்கும் வேலை தொடரும்.

தையல் பிரிக்கும் முதல் வாரக் கடைசியில், ஆறிய தோலின் வலு பழைய தோலின் வலுவில் 3 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். மூன்று வாரத்தில் 20 முதல் 30 சதவீதம் ஆகும். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை எட்டும். அதற்கு மேல் எப்போதும் ஏறுவதில்லை. வெளியே பார்த்தால் பத்தாம் நாளே ஆறிவிட்டது போலத் தெரியும். உள்ளே வேலை பாதிகூட முடிந்திருக்காது.

இந்த நூற்புக்கு மூன்று பொருள் கட்டாயம் வேண்டும்: புரதம், வைட்டமின் சி, தடையில்லாத ரத்த ஓட்டம். அறுவைக்குப் பின் விலக்க வேண்டியது எது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வோர் உணவையும் இந்த மூன்றின் முன் நிறுத்திக் கேட்டால் போதும்.

பட்டினி போட்டுப் பார்த்த டாக்டர்

1939-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் தன் உடம்பையே சோதனைக் கூடமாக்கினார். பழம், காய்கறி, பால் அத்தனையும் நிறுத்தினார். மற்ற வைட்டமின்களை மாத்திரையாக எடுத்துக்கொண்டு, வைட்டமின் சி மட்டும் துளியும் சேராமல் பார்த்துக்கொண்டார். மூன்றாம் மாதம் அவர் முதுகில் ஒரு வெட்டுப் போட்டார்கள். அது ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் இன்னொரு வெட்டு. மேல்தோல் மூடிக்கொண்டது. ஆனால் பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது அடியில் ஒன்றும் ஒட்டவில்லை. வைட்டமின் சி ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அதே காயம் ஆறியிருந்தது. கொல்லாஜன் இழைகள் முறுக்கேறி நிற்பதற்கு உடம்பு செய்யும் ஒரு வேதிவினை வைட்டமின் சி இல்லாமல் நடக்காது என்பதுதான் காரணம்.

இதைவிடத் திகிலான சாட்சி 1740-களிலேயே கிடைத்திருந்தது. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஆன்சன் உலகைச் சுற்றிய பயணத்தில், பழமும் காயும் இல்லாமல் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் கண்டது. அவர்களில் ஒருவர் 50 ஆண்டுகளுக்கு முன் போரில் காயம்பட்டவர். என்றோ ஆறிப்போன அந்தத் தழும்பு மறுபடி பிளந்துகொண்டது. தழும்பு என்பது கட்டி முடித்த வேலை அல்ல என்பதை அது காட்டியது. இழைகள் நாள்தோறும் கரைந்துகொண்டும், புதிதாக வந்துகொண்டும் இருக்கின்றன. வரத்து நின்றால் கரைவது மட்டும் நடக்கும்.

யாரும் ஆறு மாதம் ரசம் சோறு சாப்பிடப் போவதில்லை. ஆனால் ஏற்கெனவே ஒட்டி உலர்ந்த உடம்போடு மேசையில் படுத்தவர், பிறகு மூன்று வாரம் காயும் பழமும் புரதமும் இல்லாமல் பத்தியம் இருந்தால், உடம்புக்குக் கையிருப்பு ஏது? கொல்லிமலையில் நெல்லிக்கும் கொய்யாவுக்கும் குறைவில்லை. 100 கிராம் நெல்லியில் 250 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி உண்டு. கொய்யாவில் சுமார் 200. ஒரு நாளைய தேவைக்கு ஒன்றிரண்டு நெல்லிக்காயே போதும். “சளி பிடிக்கும்” என்று இவற்றை விலக்குவது முதல் தவறு.

சீழுக்குப் பருப்பு காரணமா?

சீழ் என்பது கிருமிகளோடு சண்டையிட்டுச் செத்த வெள்ளணுக்களின் குவியல். கிருமி வெளியிலிருந்து வருகிறது: கழுவாத கையிலிருந்து, அழுக்குத் துண்டிலிருந்து, காயத்தில் வைத்துக் கட்டிய பச்சிலையிலிருந்து. துவரம்பருப்பு வயிற்றில் அமினோ அமிலமாகப் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. அது சீழாக மாற வழியே இல்லை. மாறாக, சண்டை போடும் வெள்ளணுவைச் செய்வதற்கே அந்த அமினோ அமிலம்தான் வேண்டும்.

முட்டைக்கும் இதே கதைதான். கொல்லிமலை அடிவாரத்து நாமக்கல் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் மாவட்டம். அதே மாவட்டத்தில் அறுவை முடிந்தவருக்கு முட்டை ‘சூடு’ என்று மறுக்கப்படுகிறது. அறுவைக்குப் பின் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 75 கிராம். சாதாரண நாளில் நம் ஊர்க் கணக்குப்படி 42 கிராம் போதும்.

அந்த 75 கிராமை மலையூரிலேயே சேர்த்துவிடலாம். சாமை 200 கிராமில் சுமார் 18 கிராம், இரண்டு முட்டையில் 12, பருப்போ மொச்சையோ 50 கிராமில் 11, மீன் அல்லது கோழி 100 கிராமில் 20, பால் 400 மில்லியில் 13. கூட்டினால் 74. இதே ஆளுக்கு மரவள்ளிக் கிழங்கும் ரசமும் கொடுத்தால் என்ன ஆகும்? 100 கிராம் மரவள்ளியில் புரதம் ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி, கொல்லிமலையில் சாமையும் தினையும் நின்ற நிலத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே சிறுதானியங்களை மீட்கப் பாடுபடுவது அதனால்தான். காயம் ஆற வேண்டியவரின் தட்டில் எது இருக்க வேண்டும் என்பதற்கும் விடை அதே சாமைதான். மரவள்ளி விஷம் அல்ல, நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாம். ஆனால் வயிற்றை நிரப்பிவிட்டுப் புரதத்துக்கு இடமில்லாமல் செய்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

கத்திரிக்காய்க்கு வருவோம். அதைக் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்குவதில் ஓரளவு பொருள் இருக்கிறது. மைசூரில் 741 பேரைக் கொண்டு செய்து, 2008-இல் வெளியான ஆய்வில், சுமார் 9 சதவீதம் பேர் கத்திரிக்காய் சாப்பிட்டால் அரிப்பு போன்ற தொல்லை வருவதாகச் சொன்னார்கள். ஆனால் உண்மையான ஒவ்வாமை என்று பரிசோதனையில் உறுதியானவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே கத்திரிக்காய் தின்று உங்களுக்கு முன்பே அரித்திருந்தால், தையல் ஆறும்வரை விட்டுவிடுங்கள். சொறிந்தால் தையல் கெடும். அரித்ததே இல்லை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கருவாட்டில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று உப்பு. இன்னொன்று, சரியாகப் பதப்படுத்தாத மீனில் பாக்டீரியாக்களால் ஹிஸ்டமின் சேரும். அது சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் தரும். கருவாட்டை விலக்கச் சொன்ன பாட்டி சொன்னது சரி. ஆனால் அந்தத் தடையைப் புது மீன்மேலும் போட்டது நஷ்டம்.

தழும்பு தடிப்பது, அதாவது கீலாய்ட், பரம்பரையையும் வெட்டு விழுந்த இடத்தையும் தோலின் இழுவிசையையும் பொறுத்தது. காது மடல், தோள், நெஞ்சு ஆகிய இடங்களில் அது அதிகம். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடம் உருண்டையாகப் புடைத்திருந்தால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மீனை விட்டதால் கீலாய்ட் வராமல் போனவர் யாரும் இல்லை.

ரத்தம் உறைவதைத் தடுப்பவை

இனி டாக்டரின் பட்டியல். அழகு அறுவையில் தோலுக்கு அடியில் பெரிய பரப்பைப் பிரித்தெடுப்பது வழக்கம். அந்த இடைவெளியில் ரத்தம் கசிந்து தேங்கினால் மேலே உள்ள தோலுக்கு ரத்தம் கிடைக்காமல் கருகிவிடலாம். அதனால்தான் பிளாஸ்டிக் சர்ஜன்கள் தட்டணுக்களை மந்தமாக்கும் எதையும் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை வேலை செய்யாது. புதுத் தட்டணுக்கள் வரும்வரை காத்திருப்பதற்கே அந்த இரண்டு வாரம். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பூண்டு இந்த வரிசையில் முதலில் வருகிறது. பச்சைப் பூண்டை நசுக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கின்றன. நாள்தோறும் அதிகமாகப் பூண்டு தின்று வந்த 87 வயது முதியவருக்குத் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கசிந்ததை 1990-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. பிளாஸ்டிக் சர்ஜரி இதழிலும் 1995-இல் ஓர் எச்சரிக்கை வந்தது. அதற்காகப் பூண்டுக் குழம்பைக் கொட்ட வேண்டாம். அந்தச் சேர்மங்களை உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். தாளித்து வேகவைத்த நாலு பல் பூண்டு வேறு, வெறும் வயிற்றில் விழுங்கும் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரையும் வேறு. பின்னவற்றைத்தான் நிறுத்த வேண்டும்.

இதே அளவுகோல் மஞ்சளுக்கும் பொருந்தும். குழம்பில் போடும் அரைக் கரண்டி மஞ்சள் ஒன்றும் செய்யாது. மாத்திரையாக வரும் குர்குமின் வேறு சங்கதி. குர்குமின் தனியாகப் போனால் குடல் அதை அதிகம் உறிஞ்சுவதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் அதோடு மிளகின் காரப் பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது. அதன்பின் கடையில் விற்கும் மஞ்சள் மாத்திரைகள் பலவற்றில் மிளகுச் சாறும் சேர்ந்துவிட்டது. மிளகு வேறு பல மருந்துகளும் உடம்பில் அதிகமாகத் தங்கும்படி செய்யக்கூடியது. கொல்லிமலை மிளகு போட்ட ரசம் குடிக்கலாம். ‘மூட்டு வலிக்கு’ என்று வாங்கி வைத்த மஞ்சள்–மிளகு மாத்திரையை மட்டும் மூடி வையுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் இதய அறுவை செய்துகொண்ட 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘ஓப்பெரா’ என்ற பெரிய ஆய்வில் மீன் எண்ணெயால் ரத்தப்போக்கு கூடவில்லை. இருந்தும் முக அறுவையில் ஒரு துளிக் கசிவும் வேண்டாம் என்று பல டாக்டர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்துவதில் நஷ்டம் இல்லை. மீனை நிறுத்துவதில் இருக்கிறது.

அன்னாசி பற்றிய குழப்பம் தனி. அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி வீக்கத்தைக் குறைக்கும் என்று மூக்கு அறுவைக்குப் பின் மாத்திரையாகக் கொடுப்பவர்கள் உண்டு. ரத்தக் கசிவைக் கூட்டும் என்று தடுப்பவர்களும் உண்டு. தீக்காயத்தில் கருகிய தோலைக் கத்தியின்றி அரித்தெடுக்க, அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த நொதிகளால் ஆன மருந்து ஒன்றுக்கு ஐரோப்பா 2012-லும் அமெரிக்கா 2022-லும் அனுமதி தந்தன. அவ்வளவு வலுவான நொதி அது. ஆனால் அது செறிந்திருப்பது தண்டில். நாம் தின்னும் சதையில் குறைவு. அதிலும் பெரும்பகுதியை வயிறு செரித்துவிடும். எனவே ஓரிரு துண்டு அன்னாசியால் நன்மையும் பெரிதாக இல்லை, தீமையும் இல்லை. வாயிலோ உதட்டிலோ தையல் இருந்தால் மட்டும் அதன் புளிப்பு எரியும், அப்போது விடலாம்.

வீங்கிய முகத்துக்கு உப்பு

மூக்கு, கண்ணிமை, கன்னம் ஆகியவற்றில் கத்தி பட்டால் முகம் வீங்கும். மூன்றாம் நாள்வரை ஏறி, பிறகு மெதுவாக வடியும். அதைத் தாமதப்படுத்துவது உப்பு. மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் திசுக்களைச் சூழ்ந்த நீரின் உப்பளவும் ஏறக்குறைய அதுவே. ஆகவே தேவைக்கு மேல் 9 கிராம் உப்பு உடம்பில் தங்கினால், அதோடு ஒரு லிட்டர் வரை நீரும் தங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு 5 கிராம்.

ரசம் சோறு, சுட்ட அப்பளம், எலுமிச்சை ஊறுகாய், மோர் மிளகாய் என்ற பத்தியச் சாப்பாட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். புரதத்தை வெளியேற்றிவிட்டு உப்பை உள்ளே அழைக்கும் ஏற்பாடு அது. நம் வீட்டுப் பத்தியத்தில் மாற்ற வேண்டிய முதல் ஐட்டம் இந்த அப்பளமும் ஊறுகாயும்தான். கருவாடு, சிப்ஸ், மிக்சர், பாக்கெட் நூடுல்ஸ் எல்லாம் இதே கணக்கில் வரும். இரண்டு வாரமாவது தள்ளி வைக்க வேண்டும்.

புகையிலையும் மதுவும்

சித்த மருத்துவத்தில் ‘இச்சாபத்தியம்’ என்று ஒரு பட்டியல் உண்டு. கடுகு, நல்லெண்ணெய், பூசணி, தேங்காய், மாங்காய், பலா, பெருங்காயம், பூண்டு, கொள்ளு, பாகல், அகத்தி ஆகியவற்றோடு புகையிலையும் மதுவும் அதில் வருகின்றன. அது மருந்து உண்ணும் காலத்துக்கென்று சொன்ன பத்தியம், வெட்டுக் காயத்துக்கென்று சொன்னது அல்ல. தேங்காயையும் பலாவையும் காயத்துக்காக விலக்கக் காரணம் இல்லை. ஆனால் பூண்டு, புகையிலை, மது ஆகிய மூன்றில் பழைய பட்டியலும் புதிய பட்டியலும் கைகுலுக்குகின்றன.

நம் வீடுகளில் வேடிக்கை என்னவென்றால், கத்திரிக்காயைக் கறாராக விலக்கும் பாட்டியே வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வார். அது சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்று நினைப்பு. காயத்தின் கணக்கில் அதுதான் முதல் எதிரி. நிகோடின் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பீடி, சிகரெட் என்றால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஆக்சிஜனைத் தடுக்கிறது. முகத் தோலை இழுத்துத் தைக்கும் அறுவை செய்துகொண்டவர்களை நியூயார்க்கில் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார்கள். தோல் கருகி உரியும் வாய்ப்பு புகைப்பவர்களுக்கு 12 மடங்கு அதிகமாக இருந்தது. அறுவைக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் நிகோடின் எந்த வடிவிலும் கூடாது. மெல்லும் புகையிலையும், ஹான்ஸும், மூக்குப்பொடியும் இதில் அடக்கம். கிழிந்த காதைத் தைக்கப் போகும் பாட்டிக்கு வீட்டார் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி, சுருக்குப் பையிலிருந்து அந்தப் புகையிலையை எடுத்துவிடுவதுதான்.

மது ரத்தக் குழாய்களை விரித்துக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டுகிறது. வலிக்குக் கொடுத்த பாராசிட்டமாலோடு சேர்ந்தால் ஈரலைத் தாக்கும். தூக்கம் தரும் வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். மாத்திரைகள் முடியும்வரை ஒரு சொட்டும் வேண்டாம்.

மெல்லுதல், குமட்டல், முக்குதல்

சில உணவுகளில் சத்தில் கோளாறு இருக்காது. சாப்பிடும் முறையில் இருக்கும். முகத்திலோ தாடையிலோ அறுவை நடந்தால் முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய், எலும்புக் கறி போன்று தாடையை வருத்துபவை இரண்டு மூன்று வாரத்துக்கு ஆகாது. அண்ணப் பிளவு தைத்த குழந்தைக்குக் கூர்மையான எதுவும், உறிஞ்சு குழலும் கூடாது. வெதுவெதுப்பான சாமைக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு போதும். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபியும் சூப்பும் முகத்து ரத்த ஓட்டத்தைத் தூண்டுவதால் முதல் இரண்டு மூன்று நாள் ஆறவைத்துக் குடிப்பது நல்லது.

மயக்க மருந்துக்குப் பின் குமட்டல் சகஜம். வாந்தி எடுக்கும்போது முகத்தின் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். கண்ணிமை, மூக்குத் தையலுக்கு அது ஆகவே ஆகாது. கொல்லிமலையின் பெரக்கரை நாட்டுக்கோ செம்மேட்டுக்கோ திரும்புகிறவர் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். நல்ல உடம்புக்காரர்களே அங்கே ஜன்னலோரம் தேடுவார்கள். அறுவை முடிந்த அன்றே பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு மலை ஏறாதீர்கள். இட்லி, இளநீர் போல எளிதானதைக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். முடிந்தால் ஓரிரவு கீழே தங்குங்கள். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வயிற்றுத் தோலைக் குறைத்துத் தைத்தவர்களுக்கும், கொழுப்பு உறிஞ்சி எடுத்தவர்களுக்கும் மலச்சிக்கல் பெரிய தொல்லை. வலி மாத்திரைகளில் சில குடலை உறங்கவைத்துவிடும். அதன்மேல் மைதாவும் ஜவ்வரிசியும் போனால் முக்க வேண்டி வரும். முக்கினால் தையல் இழுபடும். நார்ச்சத்துள்ள சாமையும் தினையும் கீரையும் வாழைப்பழமும் நிறையத் தண்ணீரும் அதைத் தடுக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பையும் வெல்லம் கலந்த பானங்களையும் கூடுதலாக விலக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் வெள்ளணுக்கள் சோம்பும், கிருமி தங்கும்.

மாத்திரையும் சூப்பும்

டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது டாக்சிசைக்ளின் என்றால் அதைப் பாலோடு விழுங்கக் கூடாது. பாலின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. கால்சியம், இரும்பு மாத்திரைகளும் அப்படியே. கால்சியம் மிகுந்த கேழ்வரகுக் கூழையும் அந்த மாத்திரையையும் இரண்டு மணி நேரமாவது தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

கொல்லிமலையில் வழியெங்கும் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. அதில் சூப் வைத்துக் குடிப்பது மலையின் பெருமைகளில் ஒன்று. அதைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் எந்த மூலிகைச் சூப்பும், லேகியமும், சூரணமும் டாக்டருக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. ரத்தம் உறைவதையும் மயக்க மருந்தையும் எந்த மூலிகை எப்படி மாற்றும் என்பது எல்லாவற்றுக்கும் ஆராய்ந்து முடிக்கப்படவில்லை. சித்த மருந்து சாப்பிடுகிறவர் திட்டு விழும் என்று அஞ்சி மறைக்கிறார். டாக்டர் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் திருந்த வேண்டிய இடம் இது.

சுருக்கமாக ஒரு கணக்கு

அறுவைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே: பூண்டு, மஞ்சள், மீன் எண்ணெய், வைட்டமின் இ மாத்திரைகளை டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். புகையிலைக்கு நான்கு வாரம்.

முதல் மூன்று நாள்: கனமான, எண்ணெய் மிதக்கும், கொதிக்கும் உணவு வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் தின்பண்டம் வேண்டாம். மாத்திரை முடியும்வரை மது வேண்டாம்.

முதல் மூன்று வாரம்: முகத்தில் தையல் இருந்தால் கடித்து இழுக்கும் உணவு வேண்டாம்.

மூன்று மாதம் முழுக்க: முட்டை, மீன், பருப்பு, பால், கீரை, நெல்லி, கொய்யா இவற்றில் எதையும் “ஆகாது” என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். உங்கள் உடம்புக்கு ஒவ்வாது என்று உங்களுக்கே தெரிந்தது மட்டும் விலக்கு.

காயம் சிவந்து சூடேறினாலோ, சீழ் வடிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நேற்று என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். அது சாப்பாட்டால் வந்ததும் அல்ல, பத்தியத்தால் போவதும் அல்ல. அன்றைக்கே மலை இறங்கி, தையல் போட்ட டாக்டரிடம் காட்டுங்கள்.